நிற்பதும் விழுவதும்

ஒருவர் தம்மையும் மீறித் தரையிலோ, இருந்த இடத்தைவிடத் தாழ்வான வேறு மட்டத்திலோ போய்ச் சேர்ந்தால் அதை விழுதல் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கில் கொள்கிறது. மாடிப்படியில் உருள்வது இதில் அடங்கும். கட்டிலைவிட்டு எழும்போது கால் மடங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவதும் அடங்கும். அடிபட்டதா இல்லையா என்பது இந்த வரையறையில் கிடையாது. இப்படி விழுந்து உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் இறக்கிறார்கள் என்பது அந்த நிறுவனத்தின் மதிப்பீடு. எதிர்பாராத காயங்களால் நேரும் இறப்புகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள்.

குழந்தைகளும் இளைஞர்களும் விழத்தான் செய்கிறார்கள். ஆனால் அதிகம் உயிரிழப்பது அறுபதைக் கடந்தவர்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய மூவருக்கு ஒருவர் ஆண்டில் ஒரு முறையாவது விழுகிறார். எண்பதைத் தாண்டினால் இந்த விகிதம் இன்னும் கூடுகிறது. 2021-ஆம் ஆண்டுக்கான மக்கள்தொகைக் கணிப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயது கடந்தவர்கள் 13.6 விழுக்காடு. கேரளத்தை விட்டால் இந்தியாவிலேயே மூத்த மாநிலங்களில் இது முன்வரிசையில் இருக்கிறது.

"வயசாயிடுச்சு, விழத்தான் செய்வாங்க" என்று வீட்டார் சமாதானம் சொல்லிக்கொள்வது வழக்கம். இந்தச் சமாதானத்தில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் மேரி டினெட்டி 1988-ல் அளந்து காட்டினார். 75 வயது கடந்த 336 பேரை அவருடைய குழு ஓராண்டு தொடர்ந்து கவனித்தது. அவர்களில் 32 விழுக்காட்டினர் விழுந்தார்கள். அதைவிட முக்கியமானது, யார் விழுந்தார்கள் என்பது. தூக்க மாத்திரை போன்ற மருந்துகள், நினைவாற்றல் குறைவு, கால் பலவீனம், நடையிலும் சமநிலையிலும் கோளாறு, பாதத்தில் பிரச்சினை ஆகியவை விழுந்தவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டன. இவற்றில் எதுவுமே இல்லாதவர் ஓராண்டில் விழும் வாய்ப்பு 8 விழுக்காடு. நான்கு அல்லது அதற்கு மேல் சேர்ந்திருந்தால் 78 விழுக்காடு. வயது மட்டுமே காரணம் என்றால் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்களிடையே இவ்வளவு இடைவெளி வந்திருக்காது.

ஆறு ஆண்டுகள் கழித்து அதே குழு அடுத்த கேள்விக்குப் போனது. காரணிகளைக் கழித்தால் விழுவது குறையுமா? 70 வயது கடந்த 301 பேரைப் பிரித்து, ஒரு பாதியினருக்கு மருந்துகளைத் திருத்தி, உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்து, எழுந்து நிற்கும்போது நேரும் இரத்த அழுத்தச் சரிவுக்கு வழி சொன்னார்கள். கவனிப்பு பெறாத பாதியில் 47 விழுக்காட்டினரும், கவனிப்பு பெற்ற பாதியில் 35 விழுக்காட்டினரும் அந்த ஆண்டில் விழுந்தார்கள். எல்லாக் காரணிகளையும் ஒழிக்க யாராலும் முடியாது. ஒன்றிரண்டைக் குறைத்தாலே கணக்கு மாறுகிறது.

அசையாமல் நிற்பவர் யாரும் இல்லை

எவ்வளவு விறைப்பாக நின்றாலும் மனித உடல் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. உடலின் ஈர்ப்பு மையம் ஏறக்குறைய அடிவயிற்றின் உயரத்தில் இருக்கிறது. அதைத் தாங்கும் பரப்போ இரண்டு பாதங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட இடமும் மட்டுமே. மையம் அந்தப் பரப்பைவிட்டு வெளியேறாதபடி கணுக்கால் தசைகள் நொடிக்கு நொடி இழுத்துப் பிடிக்கின்றன. ஆட்டம் சிறிதாக இருந்தால் கணுக்கால் போதும். கொஞ்சம் பெரிதானால் இடுப்பு எதிர்த்திசையில் வளைந்து ஈடுகட்டுகிறது. அதுவும் போதாதபோது ஒரு காலை எடுத்து முன்னாலோ பக்கவாட்டிலோ வைத்தாக வேண்டும். பேருந்து திடீரென்று பிரேக் போடும்போது நின்றுகொண்டிருப்பவர்களிடம் இந்த மூன்றையும் வரிசையாகப் பார்க்கலாம்.

இந்த வேலைக்கு மூளை மூன்று இடங்களிலிருந்து செய்தி வாங்குகிறது. கண், உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு, பாதத்திலும் மூட்டுகளிலும் உள்ள உணர்நரம்புகள். ஒன்று தடுமாறினால் மற்ற இரண்டும் சமாளித்துவிடும். 19-ஆம் நூற்றாண்டில் பெர்லின் மருத்துவர் மோரிட்ஸ் ராம்பெர்க், தண்டுவட நோயாளிகளைக் கால்களைச் சேர்த்து நிற்கவைத்து, கண்ணை மூடச் சொன்னார். கண் திறந்திருந்தவரை நின்றவர்கள், மூடியதும் தள்ளாடினார்கள். பாதத்திலிருந்து வரவேண்டிய செய்தி ஏற்கெனவே நின்றுபோயிருந்தது. கண்ணை நம்பித்தான் அதுவரை நின்றிருக்கிறார்கள். நரம்பியல் மருத்துவர்கள் இன்றைக்கும் அவர் பெயரால் இந்தச் சோதனையைச் செய்கிறார்கள்.

குளியலறையில் இதே சோதனை தினமும் நடக்கிறது, மருத்துவர் இல்லாமல். முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, வாளியில் மொண்டு தலையில் ஊற்றும் முதியவரை எடுத்துக்கொள்ளலாம். கண் மூடியதால் ஒரு செய்தி போயிற்று. குனிந்து நிமிர்வதால் உள்காதின் செய்தி குழம்புகிறது. பல வருட நீரிழிவால் பாதம் மரத்திருந்தால் மூன்றாவதும் இல்லை. கீழே சோப்புத் தண்ணீர். பிடித்துக்கொள்ளக் கிடைப்பது துண்டு போடும் கம்பி ஒன்றுதான்; அதுவும் ஆள் எடையைத் தாங்குவதற்காகச் சுவரில் அடித்தது அல்ல. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. அவர்களில் கணிசமானவர்கள் காலப்போக்கில் பாத உணர்வை இழக்கக்கூடியவர்கள். சர்க்கரை அளவைப் பார்க்கிற கவனத்தில் பாதி, பாதத்தைத் தொட்டுப் பார்ப்பதிலும் இருந்தால் நல்லது.

வயது கூடும்போது தசையும் குறைகிறது, ஆனால் ஒரே சீராக அல்ல. மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் உழைக்கும் இழைகளைவிட, சட்டென்று சுருங்கும் இழைகள்தான் அதிகம் நலிகின்றன. மார்க்கெட்டுக்கு நடந்து போய்வர முதல் வகை போதும். தடுக்கிய கணத்தில் காலை வீசி முன்னே வைக்க இரண்டாவது வகை வேண்டும். நிலை தவறித் தரையைத் தொட ஒரு நொடிகூட ஆவதில்லை; அதற்குள் கால் போய்ச் சேர வேண்டும். "நல்லாத்தான் நடந்துக்கிட்டு இருந்தாரு, திடீர்னு விழுந்துட்டாரு" என்று சொல்லப்படுவதன் பின்னணி பெரும்பாலும் இதுதான்.

மூளையின் பங்கும் உண்டு. 1997-ல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் முதியோர் குடியிருப்பு ஒன்றில் மிக எளிய ஒன்றைக் கவனித்தார்கள். உடன் நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தால், பதில் சொல்வதற்காகச் சிலர் நின்றுவிடுகிறார்கள். அப்படி நின்றவர்களில் பெரும்பாலோர் அடுத்த ஆறு மாதங்களுக்குள் விழுந்தார்கள். இளமையில் நடை தானாக நடக்கிறது. இவர்களுக்கோ அது கவனத்தைக் கேட்கிறது. பேச்சு குறுக்கிட்டால் இரண்டில் ஒன்றை விட வேண்டியிருக்கிறது. அவர்கள் நடக்கும்போது பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடாமல் இருப்பது வீட்டார் செய்யக்கூடிய உதவி.

கேமரா கண்டது

எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் "வழுக்கிடுச்சு" அல்லது "தெரியலை". நினைவு நம்பத்தகுந்ததல்ல. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஸ்டீபன் ராபினோவிச்சின் குழு இரண்டு முதியோர் இல்லங்களின் பொது அறைகளிலும் நடைவழிகளிலும் கேமராக்களைப் பொருத்தியது. 130 பேர் விழுந்த 227 சம்பவங்கள் பதிவாயின. 2013-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவு, துறையில் இருந்தவர்களையே யோசிக்கவைத்தது. வழுக்கி விழுந்தவை 3 விழுக்காடு. தடுக்கி விழுந்தவை 21. மிக அதிகமாக, 41 விழுக்காடு, உடல் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குத் தவறாக மாற்றியதால் நேர்ந்தவை.

அந்தக் காட்சிகளில் பெரும்பகுதி பார்ப்பதற்குச் சாதாரணமானது. ஒருவர் நாற்காலியை நோக்கி வருகிறார், முழுதாகத் திரும்புவதற்குள் உட்காரப் போகிறார், நாற்காலி ஒரு சாண் தள்ளி இருக்கிறது. இன்னொருவர் சும்மா நின்றபடி பக்கத்தில் இருப்பதை எடுக்கச் சாய்கிறார், பாதம் சாய்வோடு நகரவில்லை. வேகமோ, தடையோ, ஈரமோ எதுவும் இல்லை. நேராக நடக்கையில் நேர்ந்தவை கால்வாசிதான். சும்மா நிற்கும்போதும் உட்காரும்போதும் நேர்ந்தவை சேர்ந்தால் அதற்கு இணையாக இருந்தன. கனடாவின் காய்ந்த நடைவழிகளில் எடுத்த கணக்கை ஈரக் குளியலறையும் பாசி பிடித்த கிணற்றடியும் உள்ள வீடுகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. இங்கே வழுக்கலின் பங்கு கூடுதலாகவே இருக்க வேண்டும். ஆனாலும் திரும்புவது, உட்காருவது, எழுவது, எட்டி எடுப்பது ஆகியவைதான் ஆபத்தான தருணங்கள் என்பது எங்கும் பொருந்தும்.

இதை அளக்க மருத்துவமனைகளில் ஒரு சோதனை உண்டு. கை வைத்த நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். மாண்ட்ரியால் ஆய்வாளர்கள் இருவர் 1991-ல் வகுத்தது. 12 நொடிக்கு மேல் ஆனால் கவனம் தேவை என்கிறது அமெரிக்க நோய்த் தடுப்பு மையம். நேரத்தைவிட, திரும்பும் விதத்தில் அதிகம் தெரிகிறது என்பது அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்டுகளின் கருத்து. உறுதியானவர் இரண்டு மூன்று அடியில் திரும்பிவிடுவார். தடுமாறுபவர் நின்ற இடத்திலேயே சின்னச் சின்ன அடியாக வைத்துச் சுற்றுவார்.

மாத்திரை டப்பா

விழுவதற்குக் காரணம் தேடும்போது முதலில் திறந்து பார்க்க வேண்டியது மாத்திரை டப்பாவைத்தான். ஒரு டாக்டர் பிரஷருக்கு எழுதியது, இன்னொருவர் புராஸ்டேட்டுக்கு, மூன்றாமவர் தூக்கத்துக்கு, மருந்துக் கடைக்காரர் தலைசுற்றலுக்குக் கொடுத்தது என்று எல்லாம் ஒரே டப்பாவில் சேர்ந்திருக்கும். ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தவர் யாரும் இருக்கமாட்டார்கள்.

தூக்க மாத்திரைகள், பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்குமான மருந்துகள் ஆகியவற்றின் மீதுள்ள சான்று மிக வலுவானது. நியூசிலாந்தில் ஜான் கேம்ப்பெல் குழு 1999-ல் வெளியிட்ட சோதனையில், இத்தகைய மருந்து சாப்பிட்டுவந்த முதியவர்களில் ஒரு பகுதியினருக்கு அதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். விழுவது 66 விழுக்காடு குறைந்தது. தனி நடவடிக்கை ஒன்று இவ்வளவு பெரிய பலனைக் காட்டுவது அரிது. சோதனை முடிந்த ஒரே மாதத்தில் நிறுத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் மறுபடியும் மாத்திரைக்குத் திரும்பிவிட்டார்கள் என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. இந்த மருந்துகளைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில், வாரக்கணக்கில் குறைக்க வேண்டியவை.

அடுத்தது எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சரிவது. படுத்திருந்தவர் எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 புள்ளிகளோ கீழ் அளவு 10 புள்ளிகளோ இறங்கினால் அது குறைபாடு. கண் இருட்டிக்கொண்டு வரும், சிலருக்கு அதுவும் தெரியாமலே கால் துவளும். பிரஷர் மாத்திரை, நீர் பிரியவைக்கும் மாத்திரை, புராஸ்டேட் வீக்கத்துக்கான மருந்து எல்லாமே இதைக் கூட்டும். உட்காரவைத்து மட்டும் பிரஷர் பார்த்தால் இது அகப்படாது. படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பார்க்க வேண்டும். கூட்டம் நெரியும் புறநோயாளர் பிரிவில் இதற்கு ஐந்து நிமிடம் கிடைப்பது அரிது. ஆனால் வீட்டில் பிரஷர் மெஷின் வைத்திருப்பவர்கள் தாங்களே குறித்துக்கொண்டு போய்க் காட்டலாம். இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது, காலைத் தொங்கப்போட்டு ஓரிரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுவது நல்ல பழக்கம்.

தலைசுற்றல் மாத்திரை தனியாகச் சொல்லப்பட வேண்டியது. புரண்டு படுத்தால், அண்ணாந்து பார்த்தால் சில நொடிகள் உலகமே சுற்றுவது முதியவர்களிடம் சாதாரணம். உள்காதின் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் புகுந்துவிடுவதால் வருவது. தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பி, துகள்களைப் பழைய இடத்துக்கே உருட்டிவிடும் முறையை அமெரிக்காவின் ஜான் எப்லி வகுத்தார். பலருக்கு ஒன்றிரண்டு அமர்விலேயே சரியாகிவிடுகிறது. அதற்குப் பதிலாக சின்னரிசின் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கும் முதியவர்கள் ஏராளம். அது மந்தத்தைத் தரும். நெடுநாள் சாப்பிட்டால் சிலருக்குக் கை நடுக்கமும் உடல் இறுக்கமும் வரும். விழாமலிருக்கச் சாப்பிட்ட மருந்தே விழவைக்கிறது.

கண்ணைப் பொறுத்தவரை, கண்புரை அறுவையைத் தள்ளிப்போடாமல் செய்வது பலன் தருகிறது. பிரிட்டனில் 70 வயது கடந்த பெண்களிடம் நடத்திய சோதனையில், முதல் கண்ணுக்கு விரைவில் அறுவை செய்துகொண்டவர்கள் 34 விழுக்காடு குறைவாக விழுந்தார்கள். "இன்னும் முத்தட்டும்" என்று காத்திருக்க இப்போது அவசியமில்லை. மேலே தூரப்பார்வையும் கீழே கிட்டப்பார்வையுமாகச் சேர்ந்த கண்ணாடி, படியிறங்கும்போது காலடியை மங்கலாக்கும். வெளியே அதிகம் நடமாடுபவர்கள் தூரப்பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி வைத்துக்கொள்வது நல்லது.

வீடு

வீட்டைத் திருத்துவதால் யாருக்குப் பலன் என்பதை பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து 2023-ல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு தெளிவாகப் பிரித்துக் காட்டியது. ஏற்கெனவே விழுந்தவர்கள், அண்மையில் மருத்துவமனையிலிருந்து வந்தவர்கள் போன்ற ஆபத்து மிகுந்தோரிடம் விழுவது 38 விழுக்காடு குறைந்தது. திடகாத்திரமானவர்களிடம் சொல்லும்படி எதுவும் மாறவில்லை. வீடு முழுவதையும் இடித்துக் கட்ட வேண்டியதில்லை; விழக்கூடியவர் எங்கே எழுகிறார், எங்கே திரும்புகிறார் என்று பார்த்து அங்கே செய்ய வேண்டும்.

முதலிடம் குளியலறைக்கு. பளபளக்கும் டைல்ஸ் ஷோரூமில் காய்ந்த நிலையில்தான் தேர்ந்தெடுக்கப்படுகிறது. சொரசொரப்பான ரகம் விலையில் பெரிய வித்தியாசம் இல்லாமல் கிடைக்கிறது. டாய்லெட்டுக்குப் பக்கத்திலும் குளிக்குமிடத்திலும், செங்கல்லில் ஆழமாகத் துளையிட்டு இறுக்கிய எஃகுக் கைப்பிடி வேண்டும். நின்று குளிப்பதைவிட அகலமான பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து குளிப்பது பத்திரம். எண்ணெய்க் குளியல் நாளில் தரையிலும் எண்ணெய் இருக்கும் என்பதால் அன்றைக்குக் கூடவே ஒருவர் வேண்டும். தாழ்ப்பாளைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. உள்ளே தாழிட்டுவிட்டு விழுந்தவரை எடுக்கக் கதவை உடைக்க வேண்டிவருகிறது. கதவு உட்பக்கம் திறப்பதாக இருந்தால் விழுந்தவர் உடலே அதைத் தடுத்துக்கொண்டிருக்கும். வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ், வெளிப்பக்கம் திறக்கும் கதவு, இரண்டும் தச்சர் அரை நாளில் செய்து கொடுக்கிற வேலை.

மற்றவை சில்லறைதான், ஆனால் சேர்ந்தால் பெரிது. கட்டிலுக்கும் கழிவறைக்கும் இடையே இரவு முழுக்க எரியும் சின்ன விளக்கு. சுருண்டு கிடக்கும் கால்மிதி வேண்டாம். நிலைப்படியின் விளிம்பில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு கோடு. அடி தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டாம். தரையில் புரளும் நைட்டியும் தழையக் கட்டிய வேட்டியும் கூடாது. உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் பதியும் உயரத்தில் கட்டில். பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கவும், பரணிலிருந்து பாத்திரம் எடுக்கவும் பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறுவது வேறு ரகம். இதில் விழுபவர்கள் பலவீனமானவர்கள் அல்ல, தங்களால் இன்னும் முடியும் என்று நம்புகிற அறுபது வயதுக்காரர்கள்.

கால்களுக்கு வேலை

ஒரு முறை விழுந்தவருக்கு வீட்டில் கிடைக்கும் முதல் அறிவுரை, "இனிமே ஒரு இடத்துல உக்காருங்க." பாசத்தோடு சொல்லப்படும் இந்த அறிவுரையைவிடத் தீங்கானது இந்த விஷயத்தில் வேறில்லை. உட்கார்ந்தால் தசை கரைகிறது; தசை கரைந்தால் அடுத்த முறை விழுவது உறுதியாகிறது. விழுந்துவிடுவோமோ என்ற பயமும் இதே வேலையைச் செய்கிறது. அடிபடாமல் தப்பியவர்கள்கூட, பயத்தால் கோயிலுக்குப் போவதை, மாடி ஏறுவதை நிறுத்தி, சில மாதங்களில் உண்மையாகவே நடக்க முடியாதவர்களாகிவிடுகிறார்கள்.

108 சோதனைகளை ஒன்றுசேர்த்து 2019-ல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வின்படி உடற்பயிற்சி விழுவதை 23 விழுக்காடு குறைக்கிறது. எந்தப் பயிற்சி என்பதுதான் முக்கியம். சமநிலையைச் சோதிக்கும் பயிற்சியும் தசையை வலுவாக்கும் பயிற்சியும் சேர்ந்தால் பலன் 34 விழுக்காடு வரை போகிறது. சீனாவின் தாய்ச்சிப் பயிற்சியும் பலன் தருகிறது. வெறும் நடைப்பயிற்சிக்கு அத்தகைய உறுதியான சான்று இல்லை. காலையில் பூங்காவைச் சுற்றி நடப்பது இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. தடுக்கிய கணத்தில் காலை வீசக் கற்றுத்தருவது அதன் வேலை அல்ல.

நன்கு சோதிக்கப்பட்ட திட்டம் நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் உருவானது. 1997-ல் வந்த முதல் சோதனையில் 80 வயது கடந்த 233 பெண்கள் பங்கேற்றார்கள். பிசியோதெரபிஸ்ட் முதல் இரண்டு மாதங்களில் நான்கு முறை வீட்டுக்கே வந்து, அவரவர் நிலைக்கேற்பக் கற்றுக்கொடுத்தார். கணுக்காலில் எடைப்பட்டை கட்டிக் காலை நீட்டுவது, பக்கவாட்டில் உயர்த்துவது, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, ஒரு குதிகாலை மற்றக் காலின் விரலோடு ஒட்டவைத்து நிற்பது, பின்னோக்கி நடப்பது. அரை மணி நேரம், வாரம் மூன்று நாள். பின்னர் நடந்த சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தபோது விழுவது 35 விழுக்காடு குறைந்திருந்தது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு தொடங்கலாம். பழகப் பழகப் பிடியைக் குறைத்து, கடைசியில் விரல் நுனி மட்டும். கொஞ்சம் தள்ளாடவைக்காத சமநிலைப் பயிற்சியால் பயனில்லை. விட்டுவிட்டால் பலனும் போய்விடும்.

தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டு, கை ஊன்றி எழுந்து, குந்தி உட்கார்ந்து காய் நறுக்கிய தலைமுறைக்கு இந்த நாற்காலிப் பயிற்சி தனியாகத் தேவைப்பட்டிருக்காது. டைனிங் டேபிளும் சோபாவும் முழங்காலுக்கு இதம்தான். தொடைத் தசைக்கு அவை ஓய்வூதியம் கொடுத்துவிட்டன.

தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் ஓரளவு இருக்கிறது. இந்தியாவில் முதியோர் மருத்துவத்துக்கென முதல் துறை சென்னை மருத்துவக் கல்லூரியில்தான் தொடங்கியது; வ.செ. நடராசன் அதை வளர்த்தார். கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மையம் 2024-ல் திறக்கப்பட்டது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீடு தேடி வருகிறார்கள். ஏற்கெனவே முடங்கியவர்களுக்குத்தான் அவர்களின் நேரம் பெரும்பாலும் போகிறது. ஒரு முறை விழுந்து தப்பியவரின் வீட்டுக்கும் அவர்கள் போனால் ஒடாகோ முறை இங்கே நடக்காமலிருக்கக் காரணம் எதுவுமில்லை.

எல்லா முயற்சியும் பலிப்பதில்லை. வைட்டமின் டி குறைவாக இருந்தால் கொடுக்க வேண்டும். அதிகம் கொடுத்தால் அதிக நன்மை என்பது பொய்த்துப்போனது. ஆஸ்திரேலியாவில் 70 வயது கடந்த 2,256 பெண்களில் ஒரு பாதியினருக்கு ஆண்டுக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-ல் முடிவு வந்தபோது, மருந்து பெற்றவர்கள் 15 விழுக்காடு அதிகம் விழுந்திருந்தார்கள். எலும்பு முறிவும் 26 விழுக்காடு கூடியிருந்தது. அமெரிக்காவில் 5,451 பேரிடம் நடந்து 2020-ல் வெளியான சோதனையில், செவிலியர்கள் காரணிகளைக் கண்டறிந்து ஆலோசனை சொல்லியும் கடுமையான காயங்கள் உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. ஆலோசனை சொல்வது எளிது. மருந்தைக் குறைப்பதும் பயிற்சியை வாரம் தவறாமல் செய்யவைப்பதும் கடினம்.

விழுந்த பிறகு

விழுந்தவரைக் கையைப் பிடித்து உடனே தூக்கி நிறுத்துவதுதான் இயல்பாக நடக்கிறது. அது கூடாது. முதலில் வலி எங்கே என்று கேட்க வேண்டும். ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகவும், பாதம் வெளிப்புறமாகத் திரும்பியும் இருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்க வாய்ப்பு அதிகம். அசைக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். தலையில் அடிபட்டவர், குறிப்பாக இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர், தெளிவாகப் பேசினாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூளையின் மேலுறைக்கடியில் மெதுவாகக் கசியும் இரத்தம், வாரங்கள் கழித்துத் தலைவலியாக, மறதியாக, நடைத் தடுமாற்றமாக வெளிப்படக்கூடும்.

அடி இல்லையென்றால் அவராகவே எழுவதுதான் நல்லது. அதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி, கையும் முட்டியுமாகத் தவழும் நிலைக்கு வர வேண்டும். கனமான நாற்காலி வரை தவழ்ந்து, இருக்கையில் இரு கைகளையும் வைத்து, வலுவான காலைப் பாதம் பதிய முன்னே வைத்து உந்தி எழுந்து, திரும்பி அதிலேயே உட்கார வேண்டும். நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே பாய் விரித்து இதைப் பழகுவது உதவும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 90 வயது கடந்தவர்களை ஓராண்டு கவனித்தபோது, விழுந்தவர்களில் 80 விழுக்காட்டினர் ஒரு முறையாவது தாமாக எழ முடியாமல் கிடந்தார்கள். 30 விழுக்காட்டினர் ஒரு மணி நேரத்துக்கு மேல். நெடுநேரம் கிடப்பதால் தசை நசுங்கிச் சிறுநீரகம் பாதிக்கப்படும், உடல் வறளும், படுக்கைப்புண் வரும். தனியாக இருப்பவரின் மொபைல் அலமாரி மேல் இருந்தால் பயனில்லை. சட்டைப் பையிலோ இடுப்பிலோ இருக்க வேண்டும்.

எப்படி விழுகிறார் என்பது எது முறியும் என்பதைத் தீர்மானிக்கிறது. முன்னால் விழுபவர் கையை ஊன்றுவதால் மணிக்கட்டு முறியும். பக்கவாட்டில் விழுந்தால் இடுப்பு முறியும் வாய்ப்பு ஏறக்குறைய ஆறு மடங்கு. இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள், பெரும்பாலும் முறிவால் அல்ல, படுக்கையில் கிடப்பதால் வரும் நுரையீரல் தொற்று போன்றவற்றால். வெளியிலிருந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் நாட்டுக் கட்டு மணிக்கட்டுக்கு ஒருவேளை உதவலாம்; ஆழத்தில் இருக்கும் தொடையெலும்புக் கழுத்தை அது பிடித்துவைக்காது. "இந்த வயசுல ஆபரேஷன் தாங்குவாரா" என்று குடும்பம் ஒரு வாரம் யோசிக்கும் காலத்தில்தான் சிக்கல்கள் சேர்கின்றன. அறுவை ஒன்றிரண்டு நாட்களுக்குள் நடந்து, மறுநாளே எழுந்து நிற்கவைக்கப்பட வேண்டும் என்பது இன்றைய மருத்துவ வழிகாட்டல்.

தையல் பிரித்ததோடு சிகிச்சை முடிந்ததாக எண்ணுவதும் வழக்கமாக இருக்கிறது. நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தால் எலும்பு ஏற்கெனவே நலிந்திருந்தது என்று பொருள். 2007-ல் வெளியான சோதனையில், இடுப்பு அறுவை முடிந்த 90 நாட்களுக்குள் சோலெட்ரானிக் அமில ஊசி போடத் தொடங்கி ஆண்டுக்கு ஒரு முறை கொடுத்துவந்தபோது, புதிய முறிவுகள் 35 விழுக்காடும் இறப்புகள் 28 விழுக்காடும் குறைந்தன. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் பலரின் டிஸ்சார்ஜ் சீட்டில் வலி மாத்திரையும் கால்சியமும் இருக்கின்றன. எலும்பை வலுவாக்கும் மருந்தும் தூக்க மாத்திரையைக் குறைக்கும் குறிப்பும் இருப்பதில்லை. இரண்டையும் கேட்டு வாங்கும் பொறுப்பு, இப்போதைக்கு, அழைத்துப்போக வந்தவருடையது.